கழுநீர்த் தொட்டியும் கிரிகோர் சாம்சாவும்

நவீன இலக்கியத்தில் ஒரு விலங்கு தலைகாட்டிவிட்டால் போதும், அது எதற்குக் குறியீடு என்று கேட்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பூச்சி என்றால் அந்நியமாதல், சிறுத்தை என்றால் சிறைப்பட்ட ஆன்மா, குரங்கு என்றால் நாகரிகத்தின் போலித்தனம் என்று விடைகளும் தயாராக இருக்கின்றன. இவை தவறான விடைகள் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் இவற்றைக் கேட்கும்போதெல்லாம், வந்த விலங்கை அவசர அவசரமாகக் கொல்லைப்புறம் அனுப்பிவிட்டு மனிதனைப் பற்றிப் பேசத் திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறோம் என்ற உறுத்தல் நெடுநாளாக இருந்துவந்தது. அந்த உறுத்தலைச் சரியான இடத்தில் தொட்டுக் காட்டியவர் இலக்கியம் படித்தவர் அல்லர். திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்.

கும்பகோணத்தில் நாங்கள் சிலர் மாதந்தோறும் ஒரு நண்பர் வீட்டு மாடியில் கூடி ஏதாவது ஒரு கதையைப் படித்துப் பேசுவது வழக்கம். அன்று எடுத்துக்கொண்டது ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்காவின் ‘உருமாற்றம்’. கிரிகோர் சாம்சா என்பவன் ஒரு காலையில் பூச்சியாக விழித்தெழும் கதை. கல்லூரி ஆசிரியர்கள் இருவர், வங்கி ஊழியர் ஒருவர், ஆய்வு மாணவி ஒருவர், நான், அந்தப் பெரியவர். ஊரில் அவருக்கு இன்றைக்கும் ‘மாட்டு டாக்டர்’ என்றுதான் பெயர். நாங்கள் ‘சார்’ என்போம். ஒரு மணி நேரம் பேச்சு நன்றாகவே நடந்தது. தந்தையின் அதிகாரம், சம்பளத்துக்கு உழைக்கும் இயந்திரமாகிப்போன மகன், காஃப்கா பணியாற்றிய பிராகா நகரத்துத் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனம் எல்லாம் வந்துபோயின. அது என்ன பூச்சி என்ற கேள்வியும் வந்தது. 1915இல் நூல் வெளியாகவிருந்தபோது, அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தொலைவிலிருந்து தெரிவதுபோலக்கூடக் காட்டக் கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்கு எழுதியதை மாணவி நினைவூட்டினார். வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்தவரான நாவலாசிரியர் நபக்கோவ் அதைப் பொருட்படுத்தாமல், அது முதுகு குவிந்த, சிறகுள்ள ஒரு வண்டு என்று வாதிட்டுப் படமும் வரைந்து வைத்தார் என்று வங்கி நண்பர் சொன்னார்.

அதுவரை பேசாமல் இருந்த சார் அப்போதுதான் வாய் திறந்தார். “ஏன் தம்பி, அந்தப் பையன் என்ன பூச்சியா ஆனான்னு இவ்வளவு நேரமாப் பேசுறீங்க. என்ன தின்னான்னு ஒருத்தரும் சொல்லலையே?”

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவர் ஓடிவந்தால், தான் கேட்கும் முதல் கேள்விகள் எப்போதும் ஒன்றுதான் என்றார். தீனி எடுக்கிறதா, அசை போடுகிறதா, சாணி எப்படிப் போடுகிறது. மூக்கைத் தொட்டு ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம். “பேசாத ஜீவன்கிட்ட வேற என்னத்தக் கேக்கிறது? முன்னால நாலு தீனிய வச்சுட்டுத் தள்ளி நின்னு பார்க்கணும். அந்த வீட்டுல அந்தத் தங்கச்சிப் பொண்ணு ஒருத்திதான் அதைச் செஞ்சிருக்கு. மத்தவங்க எல்லாம் அது யாருன்னு யோசிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.”

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும் கதையை மறுபடி எடுத்தேன். உணவை மட்டும் பின்தொடர்ந்து படிப்பது என்று உட்கார்ந்தபோது, அது எனக்குத் தெரிந்த கதையாகவே இல்லை.

கிரிகோர் உருமாறிய அன்று மாலை, தங்கை கிரேட்டே அவன் அறையில் ஒரு கிண்ணம் பால் வைக்கிறாள். அதில் ரொட்டித் துண்டுகள் மிதக்கின்றன. பால் அவனுக்கு எப்போதுமே பிடித்த பானம். தலையைக் கண்வரை அமிழ்த்துகிறான். பிடிக்காமல் அருவருப்போடு திரும்பிவிடுகிறான். தான் இனிப் பழைய கிரிகோர் இல்லை என்பதைக் கண்ணாடியோ உறவினரின் அலறலோ அவனுக்குச் சொல்லாத விதத்தில் நாக்கு சொல்லிவிடுகிறது. மறுநாள் காலை, பால் அப்படியே இருப்பதைப் பார்த்த கிரேட்டே ஒரு காரியம் செய்கிறாள். ஒரு பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் பலவகை உணவுகளைப் பரப்பி வைக்கிறாள்: பாதி அழுகிய காய்கறிகள், முந்தைய இரவு மிஞ்சிய எலும்புகள், உலர்ந்த திராட்சை, பாதாம், இரண்டு நாளுக்கு முன்னால் கிரிகோரே தின்ன லாயக்கில்லை என்று ஒதுக்கிய பாலாடைக் கட்டி, வெறும் ரொட்டி, வெண்ணெய் தடவிய ரொட்டி, வெண்ணெயும் உப்பும் தடவிய ரொட்டி. கிண்ணத்தில் தண்ணீர். பிறகு, தன் முன்னால் அவன் சாப்பிடக் கூசுவான் என்று எண்ணி வெளியே போய்க் கதவையும் பூட்டிவிடுகிறாள். அவன் பாலாடைக் கட்டியின்மேல் பாய்கிறான். புதிய பண்டங்களின் வாடையே அவனுக்கு ஆகவில்லை. அவற்றை விட்டு விலகி, தனக்கு வேண்டியதைச் சற்றுத் தள்ளி இழுத்துக்கொண்டு போகிறான்.

உலக இலக்கியத்தில் இதற்கு ஈடாக மென்மையான பக்கங்கள் குறைவு என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அண்ணன் யார் என்ற கேள்வியைக் கிரேட்டே கேட்கவில்லை. அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அதிலும் அந்தப் பரப்பலின் வரிசையைக் கவனிக்க வேண்டும். ஒரு முனையில் விலங்குக்கு உரியது, மறுமுனையில் மனிதனுக்கு உரியது, நடுவே ரொட்டியின் மூன்று படிகள். எங்கே நிற்கிறாய் என்று நீயே காட்டு, நான் எதையும் முன்கூட்டி முடிவு செய்யவில்லை என்பதுபோல இருக்கிறது அது.

இதற்குப் பின் கதை முழுவதும் உணவின் கதைதான். தந்தை அலமாரித் தட்டிலிருந்து ஆப்பிள்களை எடுத்துப் பையில் நிரப்பிக்கொண்டு ஒவ்வொன்றாக வீசுகிறார். ஒன்று முதுகில் பதிந்து அங்கேயே அழுகத் தொடங்குகிறது. தின்னக் கொடுக்க வேண்டிய பண்டம் ஆயுதமாகிவிடுகிறது. கிரேட்டேவும் மாறிப்போகிறாள். வேலைக்கு ஓடும் அவசரத்தில் கைக்கு வந்த எதையோ காலால் அறைக்குள் தள்ளிவிட்டுப் போகிறாள். அவன் தொட்டானா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் மாலையில் துடைப்பத்தால் கூட்டி வெளியே எறிகிறாள். கையால் வைத்தவள் காலால் தள்ளுகிறாள் என்ற இந்த ஒரு மாற்றத்திலேயே அவன் விதி முடிந்துவிடுகிறது. சாவு வருவது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். மூன்று வாடகைக்காரர்கள் மேசையில் உட்கார்ந்து மெல்லும் ஓசையைக் கேட்டுக்கொண்டு, எனக்கும் பசிக்கிறது, ஆனால் இந்தப் பண்டங்களுக்கு இல்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அன்றிரவு தங்கை வயலின் வாசிக்கிறாள். இசை இப்படி உருக்குகிறதே, தான் ஒரு விலங்குதானா என்று அவனுக்குத் தோன்றுகிறது. தான் ஏங்கிய, இன்னதென்று அறியாத ஓர் உணவுக்கு வழி தென்படுவதுபோலவும் இருக்கிறது. இசையைக் கேட்கும் கணத்திலும் காஃப்கா உணவைத்தான் பேசுகிறார். கடைசியில் அந்த உடலைப் பார்த்துக் கிரேட்டே சொல்வதும் அதுதான்: எவ்வளவு மெலிந்துபோயிருக்கிறான், எத்தனை நாளாகச் சாப்பிடவே இல்லை, உள்ளே போன உணவு அப்படியே வெளியே வந்தது.

கண்களைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். பாரிஸ் விலங்குக்காட்சி சாலையில் கம்பிகளுக்குப் பின்னால் சுற்றிச் சுற்றி நடக்கும், கவிஞர் ரில்கேயின் சிறுத்தையிலிருந்து தொடங்கி, விலங்கின் பார்வை மனிதனைக் கலைக்கிறது என்பது இன்று ஏறக்குறைய ஒரு பாடத்திட்டம். எனக்கு இப்போது கண்ணைவிட வாய்தான் முக்கியமாகப் படுகிறது. நவீன எழுத்தாளர்கள் விலங்குக்கும் மனிதனுக்கும் இடையே இருந்த கோட்டைத் தேடிப்போனபோது, அது அறிவிலோ ஆன்மாவிலோ இல்லாமல், யார் முன்னால் எதை எந்தப் பாத்திரத்தில் வைக்கிறார்கள் என்பதில் இருப்பதைக் கண்டுகொண்டார்கள். ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவலில் நாயகன் புளூம் முதன்முதலாக அறிமுகமாகும்போதே விலங்குகளின் உள்ளுறுப்புகளை விரும்பித் தின்பவராகத்தான் வருகிறார். பூனைக்குத் தட்டில் பால் ஊற்றுகிறார்; அதன் கண்ணுக்குத் தான் எவ்வளவு உயரமாகத் தெரிவோம், ஒரு கோபுரம் அளவுக்கா என்று யோசிக்கிறார். பிறகு கடைக்குப் போய்ப் பன்றிச் சிறுநீரகம் வாங்கிவந்து, இரத்தம் படிந்த தாளைப் பூனைக்குப் போட்டுவிட்டுத் தனக்கு வதக்குகிறார். ஒரே துண்டு இறைச்சி; தாள் ஒருவருக்கு, சட்டி ஒருவருக்கு.

கொல்லைப்புறம்

இதை நான் இத்தனை பிடிவாதமாகச் சொல்வதற்குக் காஃப்கா மட்டும் காரணமில்லை. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் தாத்தா வீட்டுக் கொல்லையில் ஒரே கல்லில் குடைந்த கழுநீர்த் தொட்டி ஒன்று கிடந்தது. ஓர் ஆள் படுக்கும் நீளம் இருக்கும். அரிசி களைந்த நீர், வடிகஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் அதில்தான் சேரும். மாலையில் பாட்டி தவிட்டைப் போட்டு, ஊறவைத்த கடலைப் புண்ணாக்கை அதில் கொட்டி, முழங்கை வரை கையை விட்டுக் கரைப்பாள். கட்டி தங்கிவிட்டால் காளை மூச்சை விட்டுத் தள்ளிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என்பதால், விரல்களுக்கு நடுவே நசுக்கி நசுக்கிக் கரைப்பாள். இரண்டும் உம்பளச்சேரிக் காளைகள். சேற்றில் சளைக்காமல் உழுபவை. அவற்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். பேசிக்கொண்டேதான் தீனி காட்டுவாள். மாட்டுப் பொங்கலன்று அவற்றுக்கும் இலை போட்டுப் பொங்கல் வைப்பாள்.

தொட்டிக்கு மேலே, கொட்டில் கூரையின் தாழ்வாரத்தில் கீற்றுக்கு இடையே ஒரு கொட்டாங்கச்சி செருகியிருக்கும். அந்தக் காளைகளை ஓட்டி உழுதவருக்கு உரியது அது. காலையில் அவர் அதை எடுத்து, தானே கழுவி, வாசற்படியைத் தாண்டாமல் குனிந்து நீட்டுவார். பாட்டி படியில் நின்றபடி நீராகாரத்தை உயரத்திலிருந்து ஊற்றுவாள். தெளிந்த நீர் கோடுபோல இறங்கும். அதில் சோற்றுப் பருக்கைகள் விழும்போது கொட்டாங்கச்சி ஆடும். அவர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்வார். குடித்து முடித்ததும் கழுவி அதே இடத்தில் செருகிவிடுவார். காளைக்குக் கல் தொட்டி, முழங்கை வரை கை, பெயர். மனிதருக்குக் கொட்டாங்கச்சி, ஒரு முழ உயரம், ‘டேய்’. பாட்டி கொடுமைக்காரி இல்லை. ஊரில் எல்லா வீட்டுக் கொல்லையிலும் அப்படித்தான் நடந்தது, அதுவும் எழுபதுகளில்.

அதற்கு முந்தைய தலைமுறையில் நடந்தது இதைவிடக் கடுமையானது. தஞ்சைப் பண்ணைகளில் கூலி உயர்வு கேட்டவருக்கும் நேரத்துக்கு வராதவருக்கும் தரப்பட்ட தண்டனைகளின் பெயர்கள் டெல்டாக்காரர்களுக்கு மறக்காது: சவுக்கடி, சாணிப்பால். மாட்டுச் சாணத்தை நீரில் கரைத்துக் குடிக்கவைப்பதே இரண்டாவது தண்டனை. அடி வலிக்கும், ஆனால் மாட்டின் வயிற்றிலிருந்து வெளியே வந்ததை மனிதனின் வயிற்றுக்குள் அனுப்பும் அந்த யோசனை வெறும் வலிக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது இல்லை. நீ எந்தப் படியில் இருக்கிறாய் என்பதை நாக்குக்குக் கற்பிக்கும் ஏற்பாடு அது. மாட்டுக்கும் ஒரு படி கீழே என்பதுதான் பாடம். பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கட்டிய விவசாயிகள் சங்கத்தின் போராட்டங்களுக்குப் பிறகு, 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில்தான் இந்த இரண்டு தண்டனைகளும் கைவிடப்பட வேண்டும் என்று எழுத்தில் வந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து நீதி பெற்றதாகக் கொண்டாடி, அதற்குத் திருவாரூரில் கல் தேர் வைத்துக் காட்டும் அதே மண்ணில்தான், பண்ணையாள் சாணிப்பால் குடிக்க மாட்டேன் என்று சொல்வதற்கு இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பசுவுக்கு எட்டிய மணிக்கயிறு அவர் கைக்கு எட்டவில்லை.

இதனால்தான் கிரிகோர் சாம்சாவை வெறும் அந்நியமாதலின் குறியீடாக வாசிப்பது நமக்கு மிகவும் சௌகரியமான வாசிப்பு என்று நினைக்கிறேன். பிராகாவில் ஒருவன் ஒரு காலையில் காரணமில்லாமல் பூச்சியாகிவிடுகிறான். படிக்கிறவர்கள் எல்லோரும் தாமும் கொஞ்சம் அவனைப் போலத்தான் என்று உணர்ந்துகொள்கிறோம். கதையில் நம் இடம் அவன் ஒளிந்திருக்கும் சோபாவுக்குக் கீழே என்று எப்படி முடிவு செய்தோம்? கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, கிண்ணத்தைக் கையால் வைப்பதா காலால் தள்ளுவதா என்று தீர்மானிக்கும் குடும்பமும் அதே கதையில்தான் இருக்கிறது. எங்கள் கூட்டத்தில் அந்தப் பெரியவரைத் தவிர யாரும் அந்தப் பக்கம் நின்று படிக்கவில்லை. அவர் தொழிலே அங்கே நிற்பதாக இருந்தது.

மீன் தொட்டியும் பட்டினிக் கூண்டும்

காஃப்காவின் தந்தைவழிப் பாட்டனார், யூத மத முறைப்படி இறைச்சிக்காக விலங்குகளை அறுக்கும் தொழில் செய்தவர். பேரன் இறைச்சியை விட்டவர். பெர்லின் மீன் காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நீந்திய மீன்களிடம், இனி உங்களை நிம்மதியாகப் பார்க்கலாம், நான்தான் இப்போது உங்களைத் தின்பதில்லையே என்று அவர் பேசியதாக நண்பர் மாக்ஸ் பிராட் பதிவு செய்திருக்கிறார். இந்தச் சம்பவத்தைக் கருணைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் கருணையைவிட வேறொன்று தெரிகிறது. தின்னும் உறவு நின்ற பிறகுதான் பார்க்கும் உறவு தொடங்க முடியும் என்று அவர் நம்பியிருக்கிறார். வாயை மூடினால்தான் கண் திறக்கும் என்பதுபோல.

அந்த நம்பிக்கையை அதன் கடைசி எல்லை வரை கொண்டுபோய்ப் பார்த்த கதைதான் 1922இல் வந்த ‘பட்டினிக் கலைஞன்’. கூண்டில் உட்கார்ந்து பட்டினி கிடப்பதையே கலையாகக் காட்டியவன், மக்கள் மறந்துபோன நிலையில், சர்க்கஸில் விலங்குக் கூடங்களுக்குப் போகும் வழியில் ஒரு மூலையில், வைக்கோலுக்குள் கிடந்து சாகிறான். சாகும்போது, எனக்குப் பிடித்த உணவு எனக்குக் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் நானும் உங்களைப்போல வயிறாரச் சாப்பிட்டிருப்பேன் என்கிறான். அதே கூண்டில் ஓர் இளம் சிறுத்தையை விடுகிறார்கள். அதற்குப் பிடித்த தீனியைக் காவலர்கள் நீண்ட யோசனை எதுவுமில்லாமல் கொண்டுவந்து போடுகிறார்கள் என்று காஃப்கா எழுதுகிறார். அந்த ‘யோசனையில்லாமல்’ என்ற இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். விலங்கின் பசிக்கு விடை வைத்திருக்கிறது உலகம். மனிதனின் பசி என்னவென்றே அதற்குத் தெரியவில்லை. 1924இல் தொண்டையில் காசநோய் முற்றி, விழுங்க முடியாமல் கிடந்த காஃப்கா, சாவதற்குச் சில நாட்களுக்கு முன் திருத்திக்கொண்டிருந்த அச்சுப்படிகளில் இந்தக் கதையும் இருந்தது.

தமிழில் இதற்கு உடன்பிறப்பு ஒன்று உண்டு. அசோகமித்திரனின் ‘புலிக் கலைஞன்’. சினிமா ஸ்டுடியோவுக்கு வாய்ப்புக் கேட்டு வரும் ஓர் ஏழைப் புலிவேஷக்காரன், அலுவலக அறையிலேயே புலியாகிவிடுகிறான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் புலியைத்தான் பார்க்கிறார்கள். பிறகு முகமூடியைக் கழற்றியதும் பழைய ஆளாகிவிடுகிறான். கையிலிருந்த சில்லறையைக் கொடுத்து, முதலில் போய் ஏதாவது சாப்பிடச் சொல்கிறார்கள். அப்புறம் ஒரு வாய்ப்பு வந்து, அவனுக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று கடிதம் திரும்பிவிடுகிறது. புலியாக இருந்தவரை அவனுக்குப் பசி இல்லை. காஃப்காவில் சிறுத்தைக்கு இறைச்சி கிடைக்கிறது, மனிதன் சாகிறான். இங்கே மனிதனுக்கு ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கிறது, புலி காணாமல்போகிறது. நம் பக்கத்துத் திருவிழாக்களில் உடம்பெல்லாம் மஞ்சளும் கறுப்பும் பூசிக்கொண்டு ஆடும் புலிவேஷக்காரர்கள், ஆட்டம் முடிந்ததும் வர்ணம் கலையாமலே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பன்னைத் தொட்டுத் தின்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையில் விளக்க எதுவும் இருக்காது.

மறுபக்கத்திலிருந்து வருபவன் காஃப்காவின் ‘ஒரு கல்விக் கழகத்துக்கு ஓர் அறிக்கை’ கதையின் குரங்கு. 1917இல் வெளியான கதை. ஆப்பிரிக்கக் கடற்கரையில் சுடப்பட்டு, கப்பலில் கூண்டோடு ஏற்றப்பட்ட அவன், மனிதனாவது ஒன்றுதான் வெளியே போக வழி என்று கண்டுகொள்கிறான். எச்சில் துப்பப் பழகுவது எளிதாக இருக்கிறது, புகைக்குழாயும் அப்படியே. சாராயப் புட்டிதான் தடை. அந்த நெடி குடலைப் புரட்டுகிறது. ஒருநாள் மாலுமிகளுக்கு நடுவே புட்டியைத் திறந்து, முழுவதையும் குடித்து, காலியானதை வீசி எறிந்துவிட்டு ‘ஹலோ’ என்று மனிதக் குரலில் கத்துகிறான். பேச்சு வந்ததே அந்த விழுங்கலுக்குப் பின்தான். பாரதி இதற்குச் சில ஆண்டுகள் முன்பே ‘குயில் பாட்டு’ காவியத்தில் குயிலின் வாயால் குரங்கைப் புகழவைத்து, மனிதர்கள் என்ன செய்தாலும் வாலுக்கு எங்கே போவார்கள் என்று கேலி செய்திருக்கிறார். அங்கே மனிதன் குரங்காகப் பார்த்துத் தோற்கிறான். பகடி தலைகீழானது, சிரிப்பு ஒன்றுதான். ஆனால் தனக்கு அருவருப்பானதை விழுங்கித்தான் மனிதக் கூட்டத்தில் இடம்பிடிக்க முடிந்தது என்று காஃப்காவின் குரங்கு சொல்லும்போது, எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சாணிப்பால் நினைவுக்கு வந்துவிடுகிறது. அங்கே விழுங்கியவன் மனிதனானான். இங்கே விழுங்கவைத்து மனிதனல்ல என்றார்கள்.

இல்லாத எலி, உண்ணாத யாளி

டெல்டாவின் எழுத்தாளர்களில் சாப்பாட்டை தி. ஜானகிராமன் அளவுக்கு அறிந்து எழுதியவர் இல்லை. அவருடைய ‘பாயசம்’ கதையில் வரும் விலங்கு, விலங்கே இல்லை என்பதுதான் வேடிக்கை. செழித்துவிட்ட அண்ணன் மகன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருக்கும் கிழவர், அவன் வீட்டுக் கல்யாணத்தில், பாயச அண்டாவைக் கவிழ்த்துவிடுகிறார். ஏன் என்று கேட்டால், எலி விழுந்து கிடந்தது என்கிறார். எலி எதுவும் விழவில்லை. தனக்குள் ஊறியதைச் சொல்ல அவருக்கு ஒரு பிராணி தேவைப்படுகிறது. அதை விருந்துக்கு நடுவே கொண்டுவந்து போடுகிறார். குறியீடு தேடுகிறவர்கள் இங்கே தேடலாம், ஏனென்றால் இந்தக் குறியீட்டை உண்டாக்கியது கதாபாத்திரமே; கையும் களவுமாக அகப்பட்டவர் செய்த குறியீடு. மற்றவர்கள் வாயில் போக வேண்டியதைத் தரையில் கொட்டுகிறவருக்கு எலியைத் தவிர வேறு துணை கிடைக்குமா?

என் வாதத்துக்குப் பிடிகொடுக்காத ஒருவரும் இருக்கிறார், அவரும் தஞ்சை மண்ணுக்காரர்தான்: மௌனி. ‘அழியாச்சுடர்’ கதையில் கோயில் தூணில் இருக்கும் யாளி பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். அது எதையும் தின்னாது, யாரும் அதற்கு எதையும் வைப்பதில்லை. கொட்டிலுக்கும் கொல்லைக்கும் சம்பந்தமில்லாத விலங்கு. கல்லில் இருந்து நேராக ஒருவன் மனத்துக்குள் தாவுகிறது. உணவையும் பாத்திரத்தையும் வைத்து மௌனியை அணுகினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அவருக்கு வேறு சாவி வேண்டும். அது என்னிடம் இல்லை, அதற்காக அவரை வலிந்து என் தொட்டிக்கு இழுத்துவரவும் விருப்பமில்லை.

பெரியவரோடு எனக்கு இன்னும் தீராத வழக்கு ஒன்று இருக்கிறது, அது காஃப்காவின் ‘ஒரு நாயின் ஆராய்ச்சிகள்’ பற்றியது. அந்தக் கதையில் ஒரு நாய் தன் வாழ்நாளையே ஒரு கேள்விக்குச் செலவிடுகிறது: நிலம் நமக்கு உணவை எங்கிருந்து எடுத்துத் தருகிறது? உணவு மேலிருந்து விழுகிறது என்பது அதற்குத் தெரிகிறது. விழுவதற்கு என்ன சடங்கு, என்ன பாட்டு என்று ஆராய்கிறது, பட்டினி கிடந்தும் சோதிக்கிறது. போடுகிற மனிதன் மட்டும் அதன் கண்ணில் படுவதே இல்லை. கதை முழுவதிலும் மனிதன் என்ற சொல்லுக்கே இடமில்லை. மனித அடையாளம் பற்றி நவீன இலக்கியத்தில் எழுதப்பட்டவற்றில் இதுவே உச்சம் என்பது என் கட்சி. மனிதனைப் பற்றி எதுவும் சொல்லாமல், ஒரு பிராணியின் உலகத்திலிருந்து அவனை அப்படியே துடைத்துவிட்டு, அவன் அங்கே வெறும் சோறு விழும் திசை மட்டும்தான் என்று காட்டுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்றேன்.

பெரியவர் ஒப்புக்கொள்ளவில்லை. “சோறு போடுற கையை நாய்க்குத் தெரியாதுன்னு எழுதியிருக்காரே, அது தப்பு தம்பி. நாய் வளர்த்தவரு எழுதின மாதிரித் தெரியலை.” மருந்தகத்து வாசலில் கிடந்த நாய் ஒன்று, தான் எதுவும் கொண்டுபோகாத நாளிலும் சைக்கிள் சத்தம் கேட்டு முக்குவரை வந்து கூட்டிப்போகும் என்றார். அது கதை, சார் என்றேன். “கதைன்னா நாயைப் பத்தின கதையா இருக்கணும்ல?” என்றார். அந்தக் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில்கள் எதுவும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தரத்தில் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு காஃப்காவின் கடைசிக் கதையை எடுத்திருக்கிறோம். எலிக் கூட்டத்தின் பாடகி ஜோசபின். அவள் பாடுவது பாட்டா, எல்லா எலிகளும் போடும் வெறும் கீச்சொலியா என்று கதைசொல்லிக்கே தெரியாது. இதைக் கேட்டதும் பெரியவர் ஒரு நிபந்தனை விதித்தார். வயலில் தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிக்கும் ஆள் ஒருவர் அவருக்குத் தெரிந்தவர் பாபநாசம் பக்கம் இருக்கிறாராம். இரவில் வரப்போரம் எத்தனை விதமாக எலி கீச்சிடும் என்று அவருக்கு அத்துபடியாம். அவரையும் கூட்டத்துக்கு அழைத்தால்தான் தான் வருவேன் என்கிறார். அழைத்திருக்கிறோம். தாளடி நடவு முடிந்துதான் வர முடியும் என்று அந்த ஆள் சொல்லிவிட்டதால், கூட்டம் தள்ளிப்போயிருக்கிறது.